ஓயாத மன அழுத்தம் செல்லுக்குள் என்ன செய்கிறது, அதை எப்படித் தணிப்பது: வீட்டில் நோயாளியைக் கவனிப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழாவது மாதம். அவசரத்தில் பைக்கை நகர்த்தும்போது சைலன்ஸர் கெண்டைக்காலில் பட்டுச் சுட்டுவிட்டது. ஒரு ரூபாய்க் காசு அளவு காயம்தான். பத்துப் பதினைந்து நாளில் ஆறியிருக்க வேண்டியது, ஒரு மாதம் ஆகியும் ஓரம் சிவந்து நடுவில் ஈரமாகவே இருந்தது. சர்க்கரை வந்துவிட்டதோ என்று பயந்துபோய்ச் சோதித்தால், சர்க்கரை சரியாக இருந்தது. டாக்டர் காயத்தைப் பார்த்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?" என்றார். யோசித்தேன். சேர்ந்தாற்போல மூன்று மணி நேரம் தூங்கிப் பல மாதம் ஆகியிருந்தது.

என் ஒரு காலை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் இதே கேள்வியை அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவர் குழுவும் முறையாகவே கேட்டிருக்கிறார்கள். மறதிநோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துக் கவனிக்கும் 13 பெண்கள். அதே வயதில், அந்தப் பாரம் இல்லாத இன்னொரு 13 பெண்கள். எல்லோருடைய கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரி சின்னக் காயம் உண்டாக்கி, ஆறும் வரை கவனித்தார்கள். பாரம் இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாள். நோயாளியைக் கவனிப்பவர்களுக்கு 48 நாளுக்கும் மேல். 1995இல் வெளிவந்த ஆய்வு இது. தோல் செல்லுக்கு யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று தெரியாது. ஆனாலும் ஒன்பது நாள் தாமதம்.

மன அழுத்தம் செல்களை என்ன செய்கிறது என்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதி இப்படி நோயாளியைக் கவனிப்பவர்களிடமிருந்துதான் வந்தது. காரணம் எளிது. பரீட்சை முடிந்துவிடும், கடன்கூட ஒருநாள் அடைந்துவிடும். படுக்கையில் இருப்பவரைக் கவனிக்கும் வேலைக்கு முடிவு தேதி கிடையாது. அதனால்தான் இந்த வழிகாட்டியை அவர்களுக்காக எழுதுகிறேன். "டென்ஷன் ஆகாதீங்க" என்று நான் சொல்லப்போவதில்லை. அழுத்தத்தின் காரணம் கட்டிலில் படுத்திருக்கிறது, அது எங்கும் போகாது. ஒரு நாளில் சில மணி நேரமாவது உடம்பின் அபாயமணியை நிறுத்திவைக்க முடியுமா என்பதுதான் நம் கேள்வி. முடியும்.

அபாயமணி எப்படி அடிக்கிறது

இரவு இரண்டு மணி. பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிடுகிறது. அம்மா தானாக இறங்கப் பார்க்கிறார்களோ? நீங்கள் எழுந்து உட்காருவதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி நொடிகளில் அட்ரினலினை இறக்கிவிட்டது. எதிர்த்து நில் அல்லது ஓடிப்போ என்ற இந்த ஏற்பாட்டை ஹார்வர்டின் வால்டர் கேனன் நூறு ஆண்டுகளுக்கு முன்பே விளக்கிவிட்டார்.

இரண்டாவது ஆள் மெதுவாக வருவார். மூளையின் ஹைபோதலாமஸ் என்ற பகுதி அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லி, பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்லி, அங்கிருந்து கார்டிசோல் என்ற ஹார்மோன் வெளிவரும். அது உச்சிக்கு வர இருபது முப்பது நிமிடம் ஆகும். அதாவது அம்மா புரண்டு படுத்ததுதான், ஒன்றுமில்லை என்று தெரிந்து நீங்கள் திரும்ப வந்து படுத்த பிறகுதான் கார்டிசோல் ஏறுகிறது. தூக்கம் வராமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பது உங்கள் மனபலவீனம் இல்லை. கணக்குப்படி நடக்கும் வேதியியல்.

கார்டிசோல் கெட்டவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காலையில் விழித்த அரைமணி, முக்கால் மணிக்குள் அது உச்சத்துக்குப் போவதால்தான் படுக்கையை விட்டு எழ முடிகிறது; நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு இறங்குவதால்தான் ஆழ்ந்து தூங்க முடிகிறது. இந்த ஏற்ற இறக்கம் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் போவதுதான் ஓயாத அழுத்தத்தின் அடையாளம்.

செல்லுக்குள் நடப்பது

கார்டிசோல் கொழுப்பில் கரையும் பொருள். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு முக்கியமாகக் கொழுப்பால் ஆனது. எனவே தட்டிக் கேட்காமல் நேராக உள்ளே நுழையும். உள்ளே அதற்கென்றே காத்திருக்கும் ஏற்பி என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கருவுக்குள் போய், டி.என்.ஏ.வில் உட்கார்ந்து, சில மரபணுக்களை முடுக்கும், சிலவற்றை அடக்கும். முக்கியமாக அழற்சியை, அதாவது காயமோ கிருமியோ வந்தால் அந்த இடம் சிவந்து வீங்குவதை, உண்டாக்கும் மரபணுக்களை அடக்கும். அரிப்புக்குத் தடவும் ஹைட்ரோகார்டிசோன் களிம்பு கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் கார்டிசோலும் ஒரே மூலக்கூறுதான்.

அப்படியானால் கார்டிசோல் கூடியவர்களுக்கு அழற்சி குறையத்தானே வேண்டும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. கோவில் கொடை சமயத்தில் வீட்டுக்கு எதிரே ஒலிபெருக்கி கட்டினால் முதல் நாள் காது கிழியும். மூன்றாம் நாள் அது பாட்டுக்கு அலறும், நாம் பாட்டுக்கு வேலையைப் பார்ப்போம். நோய் எதிர்ப்புச் செல்களும் அப்படித்தான். மாதக்கணக்கில் கார்டிசோல் கத்திக்கொண்டே இருந்தால் அவற்றின் ஏற்பிகள் செவிடாகிவிடுகின்றன. "அழற்சி போதும், நிறுத்து" என்ற கட்டளை காதில் விழுவதில்லை.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஷெல்டன் கோஹென் இதைச் சளி வைரஸை வைத்தே பார்த்தார். 276 ஆரோக்கியமான ஆட்களின் மூக்கில் வைரஸ் சொட்டு விட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த சிக்கலில் இருந்தவர்களுக்குச் சளி பிடிப்பது அதிகமாக இருந்தது. ஒரு மாதத்துக்கும் குறைவான சிக்கல் அப்படிச் செய்யவில்லை. பிறகு 2012இல் வந்த ஆய்வு அந்தச் செவிட்டுத்தனத்தையே அளந்து காட்டியது. நீண்ட கஷ்டத்தில் இருந்தவர்களின் செல்கள் கார்டிசோலுக்குச் சரியாகப் பணியவில்லை, அவர்களுக்குத்தான் சளி அதிகம் பிடித்தது. நோயாளியைக் கவனிப்பவருக்கு மாதம் ஒரு சளி, வாயில் புண், ஆறாத கீறல் என்று வந்துகொண்டே இருப்பதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

அடுத்தது மைட்டோகாண்ட்ரியா, செல்லுக்கு ஆற்றல் தயாரித்துக் கொடுக்கும் அடுப்பு. அபாயமணி அடிக்கும்போதெல்லாம் அடுப்பைக் கூட்டி எரிக்க வேண்டும். கூட்டி எரித்தால் புகையும் கூடும். அந்தப் புகைதான் செல்லின் கொழுப்பையும் டி.என்.ஏ.வையும் அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள். 2018இல் மார்ட்டின் பிகார்ட், எலிசா எபெல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், ஆட்டிசம் உள்ள குழந்தையை வளர்க்கும் தாய்மார்களின் வெள்ளணுக்களில் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அதே ஆய்வில் எனக்குப் பிடித்த இன்னொரு தகவலும் உண்டு: முந்தைய நாட்களின் இரவில் மனம் கொஞ்சம் நன்றாக இருந்தவர்களின் மைட்டோகாண்ட்ரியா மேலாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, ஒன்றிரண்டு இரவுகளுக்கே செல் கணக்கு வைக்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

மூன்றாவது டெலோமியர். புடவை முந்தானையில் நூல் பிரியாமலிருக்கக் குஞ்சம் முடிச்சுப் போடுவார்கள் இல்லையா, டி.என்.ஏ. சுருண்டிருக்கும் குரோமோசோமின் முனையில் அப்படியொரு முடிச்சு. செல் ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் அது கொஞ்சம் தேயும். ரொம்பத் தேய்ந்தால் செல் பிரிவதை நிறுத்திவிடும். தேய்ந்ததை நீட்டித் தரும் டெலோமரேஸ் என்ற நொதியைக் கண்டுபிடித்த எலிசபெத் பிளாக்பர்னும் கேரல் கிரைடரும், அவர்களோடு ஜேக் ஷோஸ்டாக்கும் 2009இல் நோபல் பரிசு பெற்றார்கள். பிளாக்பர்னும் எபெலும் 2004இல் 58 தாய்மார்களைப் பரிசோதித்தார்கள். அதில் 39 பேர் நாள்பட்ட நோயுள்ள குழந்தையைக் கவனிப்பவர்கள். அழுத்தம் மிக அதிகம் என்று உணர்ந்தவர்களின் டெலோமியர், மிகக் குறைவாக உணர்ந்தவர்களுடையதைவிடக் குறைந்தது பத்து வயது மூப்புக்குச் சமமான அளவு தேய்ந்திருந்தது.

உடனே பயந்துவிட வேண்டாம். பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இந்தத் தொடர்பு சிறியது என்றே தெரிந்தது. அதனால் "உங்கள் செல் வயதைக் கண்டுபிடிக்கிறோம்" என்று காசு கேட்கும் டெலோமியர் டெஸ்ட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்தக் காசுக்குச் சில நாள் இரவு நேர உதவியாளர் வைத்தால் டெலோமியருக்கே நல்லது.

நரையைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. அழுத்தத்தால் நரைப்பது வெறும் பேச்சில்லை. 2020இல் ஹார்வர்டில் எலிகளிடம் அது எப்படி என்று காட்டினார்கள்: நரம்பு முனைகள் கக்கும் நார்அட்ரினலின், முடிக்கு நிறம் தரும் மூலச்செல்களைத் தீர்த்துவிடுகிறது. மனிதர்களிடம் 2021இல் பிகார்ட் குழு செய்த ஆய்வில், ஒருவர் விடுமுறைக்குப் போய்வந்த காலத்தில் அவருடைய ஐந்து முடிகள் நரையிலிருந்து கருமைக்குத் திரும்பியிருந்தன. ஐந்தே முடிதான். இருந்தாலும் இருக்கட்டும்.

படி 1: வேறு நோய் இல்லை என்று பாருங்கள், பிறகு ஒரு வாரம் எழுதுங்கள்

சோர்வு, படபடப்பு, தூக்கமின்மை, ஆறாத காயம், முடி கொட்டுதல் எல்லாவற்றையும் அழுத்தத்தின் தலையில் கட்டுவது ஆபத்து. சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12, ரத்த அழுத்தம் ஆகியவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போகும் அன்றே உங்களுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டால் தனியாக ஒருநாள் தேட வேண்டாம். கார்டிசோலை ஒரே ஒருமுறை சோதிப்பதால் பொதுவாகப் பயனில்லை. காலையில் ஒன்று காட்டும், மாலையில் வேறொன்று காட்டும்.

அடுத்து, தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளைத் தூக்கிப் போடாமல் அதன் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதுங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினேன், எந்த நேரத்தில் கத்தினேன் அல்லது கத்தத் தோன்றியது, அப்போது உடம்பில் எங்கே பிடித்தது. அவ்வளவுதான். என் முதல் வாரத் தாள்களில் ஏழில் ஐந்து நாள் "மாலை 6, தாடை" என்று இருந்தது. அம்மாவுக்கு டயப்பர் மாற்றும் நேரம், இரவுச் சமையல், ஆபீஸிலிருந்து வரும் கடைசி அழைப்பு, மூன்றும் ஆறு மணியில் மோதுகின்றன. அதைப் பார்க்கும்வரை, நாள் முழுக்க டென்ஷன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் மோசமான நேரம் வேறாக இருக்கலாம். அது எது என்று தெரிந்தால்தான் அடுத்த படியை எங்கே வைப்பது என்று தெரியும்.

படி 2: மூச்சு

இப்போதே செய்து பாருங்கள். நாட்டு வைத்தியர் நாடி பார்ப்பது போல, இடது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக மூன்று விரலை வையுங்கள். துடிப்பு தெரிந்ததும், நான்கு எண்ணும்வரை மூக்கால் மெதுவாக மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும்வரை விடுங்கள். நாலைந்து முறை செய்ததும் கவனித்தால், இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரைவதும் விடும்போது தளர்வதும் பலருக்கு விரலிலேயே தெரியும். மூளையிலிருந்து இறங்கி இதயத்துக்கும் குடலுக்கும் போகும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும்போது இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. வெளிமூச்சை நீட்டுவது என்பது அந்தக் கடிவாளத்தைக் கூடுதல் நேரம் பிடித்துவைப்பது.

நான்கும் ஆறும் பத்து விநாடி. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இந்த ஆறு என்ற எண்ணில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி 2001இல் 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்லவும், 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரம் சொல்லவும் வைத்து அளந்தார். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. எனவே எண்ணுவது பிடிக்காவிட்டால், உங்களுக்குப் பழக்கமான துதியை இழுத்து ராகமாகச் சொன்னாலும் போதும். சாமி நம்பிக்கை இல்லாதவர்கள் எண்ணிக்கொள்ளலாம்.

இதற்கென்று பாய் விரித்து உட்காரத் தேவையில்லை. நான் செய்வது குக்கர் வைத்துவிட்டு, மூன்று விசில் வரும்வரை, அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்றபடி. சரியாக அந்த ஆறு மணிக்கு. ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் கிடைக்கும். 2023இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஆய்விலும் ஒரு நாளுக்கு ஐந்து நிமிடம்தான் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் மனநிலை மேம்பட்டது. நீண்ட வெளிமூச்சு விட்டவர்களுக்கு, தியானம் செய்தவர்களைவிடவும் அதிகமாக. தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். இதயநோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மூச்சை அடக்கிப் பிடிக்கும் பயிற்சிகளின் பக்கம் போகாமல் இந்த மெதுமூச்சோடு நின்றுகொள்வது நல்லது.

படி 3: தூக்கத்தில் முதல் துண்டைக் காப்பாற்றுங்கள்

எல்லாப் படியிலும் இதுதான் கடினம், இதுதான் அதிக பலன் தருவது. "எட்டு மணி நேரம் தூங்குங்கள்" என்ற அறிவுரை நம்மைப் பொறுத்தவரை கேலி. அதனால் கணக்கை மாற்றுவோம். ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் வருகிறது. செல்களைப் பழுதுபார்க்க உதவும் வளர்ச்சி ஹார்மோனின் பெரிய அலையும் அப்போதுதான். ஆகவே இரவில் ஒரே ஒரு துண்டைத்தான் முழுசாகக் காப்பாற்ற முடியும் என்றால், முதல் துண்டைக் காப்பாற்றுங்கள். ஒன்பதரைக்குப் படுத்து ஒன்றரை வரை வீட்டில் இன்னொருவர் பொறுப்பு, அதன்பின் நீங்கள். காலேஜ் படிக்கும் பிள்ளை எப்படியும் ஒரு மணி வரை போனோடு முழித்துத்தான் இருக்கிறது. அந்த முழிப்பை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நோயாளி எழுவதைக் குறைப்பதும் உங்கள் தூக்கம்தான். நீர் போவதற்கான மாத்திரை சாயங்காலம் கொடுக்கப்படுகிறதா என்று பாருங்கள். அதைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாற்றாதீர்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு ஐந்து மாதம் தோன்றவில்லை. மாற்றிய பிறகு இரவில் நான்கு தடவை எழுந்தது இரண்டாயிற்று. கழிவறை வழியில் ஒரு மங்கலான விளக்கு, கட்டிலோரம் ஒரு மணி. மணி இருந்தால் ஒவ்வொரு கிறீச்சுக்கும் காதைத் தீட்டிக்கொண்டு படுக்க வேண்டாம். கூப்பிட்டால் மட்டும் எழலாம்.

காபி. உடம்பிலுள்ள காஃபீனில் பாதி கழியச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. நாலு மணி டபரா காபியில் பாதி ஒன்பது மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். காபியை விடச் சொல்ல எனக்கே மனசு வராது. கடைசி டம்ளரை மதியம் இரண்டு மணிக்குள் குடித்துவிடுங்கள். மாலைக்குச் சுக்குமல்லி காபி இருக்கிறது. அதில் காபித்தூளே கிடையாது.

ஒருநாள் தூக்கம் கெட்டால் மறுநாள் மாலையில் கார்டிசோல் கூடுதலாக நிற்கும் என்று 1997இலேயே காட்டியிருக்கிறார்கள். அதாவது இன்றைய தூக்கக்கேடு நாளைய தூக்கத்தையும் கெடுக்கும். இந்த வட்டத்தை உடைக்க, பகலில் மூன்று மணிக்குள் இருபது நிமிடம் கண்ணை மூடுவது உதவும். அம்மா தூங்கும் நேரத்தில் துணி மடிக்க உட்காராதீர்கள். துணி அங்கேயே இருக்கும்.

படி 4: நடை

2018இல் எலி பட்டர்மன் என்ற ஆய்வாளரும் எபெலும் 68 பேரைச் சேர்த்தார்கள். எல்லோரும் மறதிநோய் வந்த குடும்பத்தினரைக் கவனிப்பவர்கள், உடற்பயிற்சி இல்லாதவர்கள், அழுத்தம் மிகுந்தவர்கள். ஒரு பாதிக்கு 24 வாரம், வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து நாள், நாளுக்கு 40 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு பயிற்சி. முடிவில் அவர்களின் வெள்ளணுக்களில் டெலோமியர் நீளம் மற்ற பாதியோடு ஒப்பிடும்போது கூடியிருந்தது. வீட்டில் நோயாளி அப்படியேதான் இருந்தார்.

நாற்பது நிமிடம் எங்கே கிடைக்கும் என்று கேட்பது நியாயம். பத்தில் ஆரம்பியுங்கள். மொட்டை மாடியில் நடந்தாலும் நடைதான். பேச முடியும், பாட முடியாது என்ற வேகம் இருந்தால் போதும். வாரத்தில் மூன்று நாளாவது, போனை வீட்டில் வைத்துவிட்டு, மரமுள்ள இடத்தில் இருபது நிமிடம் இருங்கள், சும்மா உட்கார்ந்தாலும் பரவாயில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நகரவாசிகளின் எச்சிலில் கார்டிசோலை அளந்தபோது, இருபது முதல் முப்பது நிமிடத்துக்குள்தான் இறக்கம் வேகமாக இருந்தது. குளக்கரை அரசமரத்தடி தாராளமாகப் போதும்.

படி 5: ஒரு குரல், ஒரு நோட்டு

அமெரிக்காவின் விஸ்கான்சினில் 7 முதல் 12 வயதுச் சிறுமிகள் 61 பேரை அந்நியர்கள் முன்னால் பேசவும் கணக்குப் போடவும் வைத்தார்கள். பிறகு சிலருக்கு அம்மா நேரில் வந்து அணைத்தார், சிலருக்கு அம்மாவிடமிருந்து போன், சிலருக்கு ஒரு வீடியோ. போனில் குரல் கேட்டவர்களுக்கும் நேரில் அணைக்கப்பட்டவர்களைப் போலவே கார்டிசோல் இறங்கியது. பின்னால் எழுத்துச் செய்தியை வைத்துச் சோதித்தபோது அது வேலை செய்யவில்லை; அம்மாவிடம் பேசாமல் இருந்ததற்கு ஒப்பாகவே இருந்தது. குடும்ப வாட்ஸப் குழுவில் நூறு பூங்கொத்து வந்தாலும் உங்கள் அட்ரினல் அதைக் கண்டுகொள்வதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். வைத்தியம் சொல்லாத ஆளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

யாரிடமும் சொல்ல முடியாததும் இருக்கும். "எப்போதுதான் இது முடியும்" என்று தோன்றியதை யாரிடம் சொல்வது? அதை எழுதுங்கள். நியூசிலாந்தில் 2013இல் 49 முதியவர்களில் ஒரு பிரிவினரைத் தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிடம், மனசை மிகவும் வருத்தியதைப் பற்றி எழுதவைத்தார்கள். மற்றவர்கள் அன்றாட வேலைகளைப் பற்றி எழுதினார்கள். பிறகு கையில் சின்னக் காயம். பதினோராம் நாளில் மனவருத்தத்தை எழுதியவர்களில் 76 சதவீதம் பேருக்குக் காயம் ஆறியிருந்தது. மற்றவர்களில் 42 சதவீதம். எழுதிக் கிழித்துப் போட்டுவிடலாம், யாரும் படிக்க வேண்டியதில்லை.

சாப்பாடும் மூலிகையும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நோயாளிக்கு வேளைக்குக் கஞ்சி போகும், கவனிப்பவர் மூன்று மணிக்கு ஆறிப்போன சோற்றை நின்றுகொண்டே விழுங்குவார். அதை மாற்றினாலே பாதி முடிந்தது. உட்கார்ந்து சாப்பிடுங்கள், பருப்போ முட்டையோ சுண்டலோ ஒன்று தட்டில் இருக்கட்டும், கீரையும் பழமும் வாரம் முழுக்க வரட்டும்.

அமுக்கராக் கிழங்கு, அதாவது அஸ்வகந்தா, இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. 2012இல் ஹைதராபாத்தில் 64 பேரிடம் அறுபது நாள் நடந்த சோதனையில் கார்டிசோல் குறைந்தது உண்மை. சிறிய ஆய்வு. அதை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகள், தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ சாப்பிடுபவர்கள், கல்லீரல் நோயுள்ளவர்கள் டாக்டரையோ சித்த மருத்துவரையோ கேட்காமல் தொடக்கூடாது. இயற்கை என்ற ஒரே காரணத்துக்காக எதுவும் பாதுகாப்பாகிவிடாது, அரளியும் இயற்கைதான்.

படி 6: கை மாற்றுங்கள்

வாரத்தில் மூன்று மணி நேரம் பொறுப்பு வேறொருவர் கையில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. இருந்தால் காது அந்த அறையிலேயே இருக்கும்.

கேட்கும் விதம் முக்கியம். "யாராவது வந்து பார்த்துக்கொண்டால் நல்லாயிருக்கும்" என்று பொதுவாகப் புலம்பினேன், ஆறு மாதம் யாரும் வரவில்லை. கடைசியில் அக்காவிடம், "ஞாயித்துக்கிழமை மூணு மணியிலேர்ந்து ஆறு வரைக்கும் நீங்க வரணும்க்கா. நாலு மணிக்கு மாத்திரை, அஞ்சுக்குக் கஞ்சி, எழுதி ஒட்டியிருக்கேன்" என்றேன். "இவ்ளோதானா? இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னடா?" என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் ஞாயிறு தவறாமல் வருகிறார்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலிதணிப்புச் சிகிச்சையும் தருவதும் அடக்கம்.

எப்போது இந்த வழிகாட்டி போதாது

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, அழுகை நிற்கவில்லை, நெஞ்சுவலி வருகிறது, நோயாளி மேல் கை ஓங்கத் தோன்றுகிறது, வாழவே வேண்டாம் என்று எண்ணம் வருகிறது என்றால் மூச்சையும் நடையையும் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். நெஞ்சுவலி என்றால் உடனே ஆஸ்பத்திரி. மற்றவற்றுக்கு இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் 1926. கை ஓங்கத் தோன்றுவதைச் சொல்ல வெட்கமாக இருக்கும். அந்த எண்ணில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைக் கேட்டுப் பழகியவர்கள்.

எந்த வரிசையில் தொடங்குவது

எல்லாவற்றையும் திங்கட்கிழமையே ஆரம்பித்தால் புதன்கிழமை விட்டுவிடுவீர்கள். முதல் வாரம் காலண்டர் தாளும் குக்கர் மூச்சும் மட்டும். இரண்டாவது வாரம் தூக்கத்தின் முதல் துண்டு. அதற்கு வீட்டில் பேச வேண்டியிருக்கும், சண்டையும் வரலாம். மூன்றாவது வாரம் பத்து நிமிட நடை. அக்காவையோ தம்பியையோ கூப்பிடும் வேலை நான்காவது வாரத்துக்கு. ஒரு வாரம் சறுக்கினால் அந்த வாரத்தையே இன்னொரு முறை செய்யுங்கள்.

ஒரு மாதம் கழித்துத் தாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். என் தாள்களில் "மாலை 6, தாடை" ஏழில் ஐந்திலிருந்து மூன்றுக்கு வந்திருந்தது, பூஜ்யத்துக்கு வரவில்லை. இப்போதும் வாரத்தில் ஒருநாள் கத்திவிடுகிறேன். காலில் சுட்ட இடம் அதற்குள் மூடிவிட்டது. அங்கே தோல் வெளுத்து வழவழவென்று இருக்கிறது, முடி முளைக்கவில்லை.